பச்சைப் பிடிக் கத்தி

குன்னூர்
7 அக்டோபர் 2024

அன்புள்ள ஐவிக்கு,

நான் நலம். ஊட்டிக் குளிரில் நீயும் நலமாக இருக்க மாதாவிடம் வேண்டிக்கொள்கிறேன். இங்கே ஒரு வாரமாக விடாத மழை. பின்பக்கச் சுவரில் மறுபடியும் ஈரம் ஏறுகிறது.

ஜூன் மாதம் விடுதி வார்டன் வேலைக்கு நீ கிளம்பியபோது, "போன்ல என்னைக் கேள்வி கேக்க வேண்டாம். சொல்ல வேண்டியது இருந்தா எழுதுங்க. எழுதினா, தபால்ல போடறதுக்கு முன்னாடி நீங்களே ஒரு தடவை படிச்சுப் பார்ப்பீங்க" என்று சொல்லிவிட்டுப் போனாய். நான்கு மாதமாக ஒரு வரிகூட வரவில்லையே என்று உனக்கு வருத்தம் இருக்கலாம். எழுதினேன். படித்துப் பார்த்தேன். தபாலில் போடவில்லை.

இது அலுவல் காரணமாக எழுதும் கடிதம், எனவே போடுகிறேன்.

நம் பங்குச் சாமியார் ஜினோ இந்தக் கிறிஸ்துமஸுக்கு ஒரு மரவேலை வகுப்பு ஆரம்பிக்கிறார். எஸ்டேட்டில் கழித்துப் போட்ட சில்வர் ஓக் கிளைகளைச் செதுக்கி, கோயில் குடிலுக்கு ஆடு, மாடு, இடையர் எல்லாவற்றையும் பங்கு மக்களே செய்ய வேண்டுமாம். ஆளுக்கு ஒரு கத்தி வேண்டும். கோயில் கையிருப்பு உனக்குத் தெரிந்ததுதான். பஜாரில் ஹார்ட்வேர் கடை வைத்திருக்கும் நாச்சிமுத்து மலிவாக ஒன்றைக் காட்டினார். மடங்காத கத்தி. நான்கு விரல் நீளத்துக்கு அலகு, பச்சை பிளாஸ்டிக் பிடி, அதே பச்சையில் உறை. விலை ஒரு பிரியாணிக்கு மேல் போகாது.

சாமியார் என்னைக் கூப்பிட்டு, "லெஸ்லி சார், வெலிங்டன் ராணுவ ஸ்டோர்ல காலமெல்லாம் சாமான் சோதிச்சவர் நீங்க. நீங்க பாஸ் பண்ணினா வாங்கிடலாம்" என்றார். ஓய்வு பெற்ற பிறகு ஒரு பொருளைக் கையில் கொடுத்து என் அபிப்பிராயத்தை ஒருவர் கேட்டது இதுதான் முதல் தடவை. இரண்டு நாள் சட்டையை இஸ்திரி போட்டு உடுத்திக்கொண்டேன்.

செய்தித்தாளை நறுக்கிப் பார்த்தேன். கயிறு, தக்காளி, ஒரு சில்வர் ஓக் குச்சி என்று வரிசையாகச் சோதித்தேன். எல்லாவற்றிலும் தேறியது. போய்ச் சாமியாரிடம் சொன்னால், "சரிங்க, தினப்படி வேலைக்கு எப்படி?" என்று கேட்கிறார். கத்தியைக் கையில் பிடித்தபடி நம் வீட்டைச் சுற்றிச் சுற்றி வந்தேன். தினப்படி வேலை வீட்டில் எந்த இடத்தில் நடக்கிறது என்று எனக்குப் பிடிபடவில்லை. இரண்டு வேளைச் சாப்பாடும் மெஸ்ஸிலிருந்து டிபன் காரியரில் வருகிறது. வெட்டுவதற்கு எதுவும் இல்லை.

ஆகவே கத்தியை நாச்சிமுத்துவின் சரக்கு வேனில் உனக்கு அனுப்பியிருக்கிறேன். சில நாட்கள் உபயோகித்துப் பார்த்து அறிக்கை அனுப்பவும்.

இப்படிக்கு,
லெஸ்லி

பின்குறிப்பு: மற்றபடி எல்லாம் சௌக்கியம்தானே? இதைக் கேள்வியாகக் கருத வேண்டாம்.


ஊட்டி
15 அக்டோபர் 2024

அன்புள்ள ஜெனிஸ் அப்பாவுக்கு,

கடிதம் கத்திக்குப் பிறகுதான் வந்தது. அதுவே எல்லாத் தொல்லைக்கும் காரணம்.

பிள்ளைகள் மாலைப் படிப்புக்கு உட்கார்ந்திருந்த நேரத்தில் வேன் டிரைவர் வந்து, "சார் குடுத்துவுட்டாருங்க" என்று ஒரு பார்சலை நீட்டினார். நீங்கள் எதையாவது அனுப்பி நான் பார்த்ததில்லை. ஆறாம் வகுப்பு கனிஷ்கா வாசனை பிடித்துப் பார்த்து, "மேம், வர்க்கி பிஸ்கட்டா?" என்றாள். ஸ்வெட்டராக இருக்கும் என்று நான் நினைத்தேன். அத்தனை பிள்ளைகள் முன்னால் பிரித்தேன். உள்ளே கத்தி. ஒரு துண்டுச் சீட்டுகூட இல்லை.

சமையல்கார ஸ்ரீமதி என்னைத் தனியாகக் கூப்பிட்டுக் கேட்டாள்: "ஏனுங்க மேடம், ஊட்டுக்காரரு இத்தனை மாசம் கழிச்சு ஒண்ணு அனுப்பறாரு, அது கத்தியாவா இருக்கோணும்? நடுவால பேசி உடறதுக்குப் பெரியவங்க ஆரும் இல்லீங்களா?"

மறுநாள் தலைமைச் சிஸ்டர் அழைத்தார். டீ கொடுத்தார். வீட்டில் ஏதாவது பிரச்சினை என்றால் ஜெபிக்கலாம் என்றார். ஆடு செதுக்க வாங்கிய கத்தி, சோதனைக்காக வந்திருக்கிறது என்று விளக்கினேன். நம்பியதாகத் தெரியவில்லை. உங்கள் கடிதம் வந்த பிறகு அதைக் காட்டித்தான் என் மானத்தைக் காப்பாற்றிக்கொண்டேன். படித்துவிட்டு, "உங்க ஹஸ்பண்ட் எப்பவுமே இப்படித்தானா?" என்று மட்டும் கேட்டார்.

கத்தி என் மேஜை இழுப்பறையில் பூட்டியிருக்கிறது. கேட்டதற்காகச் சொல்கிறேன்.

அரிசி மூட்டையின் தையல் பிரிக்க நல்லது. சின்னப் பிள்ளைகளின் பென்சில் சீவ அதைவிட நல்லது, ஷார்ப்னர் முனையை ஒடிக்கிறது, இது ஒடிப்பதில்லை. சிற்றாலயத்தில் தரையில் ஒட்டிய மெழுகைச் சுரண்டினேன், சுத்தமாக வந்தது. ஈரக் கையிலும் பிடி வழுக்கவில்லை. அலகின் முதுகு கூராக இருக்கிறது, பெருவிரலை அழுத்தி வேலை செய்தால் வலிக்கிறது. எலுமிச்சை அறுத்துவிட்டுத் துடைக்காமல் வைத்ததில் கருத்துப்போனது. இந்த ஊர் மூடுபனிக்குத் துருவும் வரும், எண்ணெய் தடவ வேண்டும். தேங்காய் எண்ணெய் இங்கே பாட்டிலில் கல்லாக உறைந்து கிடப்பதால் தையல் மெஷின் எண்ணெய் போட்டேன்.

உறைதான் மோசம். தலைகீழாகப் பிடித்தால் கத்தி தானாக நழுவி விழுகிறது. சட்டைப்பையில் வைக்காதீர்கள்.

மழையில் ஸ்வெட்டர் போடுங்கள். பின்பக்கச் சுவருக்கு வெளியே வாய்க்கால் அடைத்திருக்கும், இலையை அள்ளிப் போட்டால் ஈரம் நிற்கும்.

ஐவி


குன்னூர்
21 அக்டோபர் 2024

அன்புள்ள ஐவிக்கு,

உன் அறிக்கை கிடைத்தது. மிக நன்று. ஆயினும் சில இடங்களில் திருத்தம் தேவைப்படுகிறது. "ஈரக் கையிலும் வழுக்கவில்லை" என்கிறாய். தண்ணீர் ஈரமா, சோப்பு ஈரமா என்று குறிப்பிடவில்லை. "சுத்தமாக வந்தது" என்பது அளவு அல்ல. எலுமிச்சை விஷயத்தில் எவ்வளவு நேரம் துடைக்காமல் வைத்தாய் என்று எழுதியிருக்கலாம். மொத்தத்தில் முதல் முயற்சிக்குப் பரவாயில்லை.

உன் கத்தி அங்கேயே இருக்கட்டும். நான் இன்னொன்று வாங்கிக்கொண்டேன். தினப்படி வேலை இல்லை என்பதுதானே குறை, அதை நானே உண்டாக்குவது என்று தீர்மானித்து மெஸ் சாப்பாட்டை நிறுத்திவிட்டேன். முற்றிலும் சோதனைக்காகத்தான்.

கேரட்டுக்கு இந்தக் கத்தி ஏற்றது. வெங்காயத்துக்கும் ஏற்றது, ஆனால் எனக்குக் கண் தெரிவதில்லை. இது எந்தக் கத்திக்கும் பொது என்று ஜெனிஸ் போனில் சொன்னாள். முட்டைக்கோஸுக்கு ஏற்றதல்ல. யானைக்குச் சவரம் செய்வது போல இருந்தது. பாதியில் நிறுத்தி மீதியைக் கையால் பிய்த்துப் போட்டேன். சாம்பாரில் புளி எப்போது போட வேண்டும்? நான் கடைசியில் நினைவு வந்து போட்டேன். வேறொருவர் செய்திருந்தால் அதைப் பற்றி நிறையச் சொல்லியிருப்பேன்.

வாய்க்காலில் இலை அடைத்திருந்தது உண்மைதான். அள்ளிவிட்டேன்.

எழுத்து கொஞ்சம் கோணலாக இருப்பது பேனாவின் கோளாறு. பொருட்படுத்த வேண்டாம்.

இப்படிக்கு,
லெஸ்லி


ஊட்டி
26 அக்டோபர் 2024

அன்புள்ள ஜெனிஸ் அப்பாவுக்கு,

பேனாவுக்குக் கோளாறு என்றால் மை தெறிக்கும். எழுத்து படுத்துக்கொள்ளாது. எந்த விரல்? சட்டைப்பையில் வைத்தீர்கள், குனிந்தபோது கத்தி விழுந்தது, விழுகிறதைக் கையால் பிடித்தீர்கள். சரியா? விழுகிற கத்தியை யாரும் பிடிக்க மாட்டார்கள், காலைத்தான் இழுத்துக்கொள்வார்கள். டி.டி. ஊசி போட்டீர்களா? போடாவிட்டால் இந்தக் கடிதத்தை மடித்து வைத்துவிட்டு ஆஸ்பத்திரிக்குக் கிளம்புங்கள். மீதியை வந்து படிக்கலாம்.

போய்விட்டு வந்தீர்களா? இனிமேல் படியுங்கள்.

"முதல் முயற்சிக்குப் பரவாயில்லை" என்று எழுதியிருக்கிறீர்கள். அந்த வரியை நான் இரண்டு நாள் கையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். நான் ஏன் வீட்டை விட்டு வந்தேன் என்று நீங்கள் ஒரு தடவைகூடக் கேட்கவில்லை. சம்பளத்துக்காக என்று அக்கம்பக்கத்தில் சொல்லிக்கொள்வதாக ஜெனிஸ் சொன்னாள். கேட்காவிட்டாலும் சொல்கிறேன்.

மே மாதம் என் தங்கை எல்சா சாப்பிட வந்திருந்தாள். பீன்ஸ் பொரியல் வைத்திருந்தேன். நீங்கள் எழுந்து போய் உங்கள் இரும்பு ஸ்கேலை எடுத்து வந்தீர்கள். தட்டிலிருந்த பீன்ஸ் துண்டுகளை ஓரமாக வரிசை வைத்து அளந்தீர்கள். "பாரு எல்சா, ஒரே கை நறுக்கினதுதான். ஒண்ணு இத்தனை பெருசு, ஒண்ணு இத்துனூண்டு. வெலிங்டன்ல இது ரிஜெக்ட்" என்றீர்கள். எல்சா சிரித்தாள். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே பாத்திரம் கழுவப் போனேன். பாதி கழுவியபோதுதான் எனக்குச் சிரிப்பு வரவில்லை என்று தெரிந்தது.

நீங்கள் வேலைக்குப் போன காலத்தில் நாளெல்லாம் ரிஜெக்ட் பண்ணிவிட்டுக் களைத்து வருவீர்கள். வீட்டில் எதையும் பார்க்கத் தெம்பு இருக்காது. ஓய்வு பெற்ற பிறகு உங்களிடம் மிச்சமிருந்த ஒரே சாமான் நான்தான். காப்பி, கோலம், துணி மடிப்பது, ஜெபமாலை சொல்லும் வேகம்கூட. அங்கே ரிஜெக்ட் ஆன சாமான் வந்த லாரியிலேயே திரும்பிப் போய்விடும். நான் எங்கே போவது என்று யோசித்தேன். அப்போதுதான் எல்சா இந்த வேலையைப் பற்றிச் சொன்னாள்.

இதை எழுதிவிட்டு ஒரு தடவை படித்தும் பார்த்தேன். தபாலில் போடுகிறேன்.

புளியைக் காய் வெந்த பிறகு கரைத்து ஊற்றி, பச்சை வாசனை போகும்வரை கொதிக்கவிட வேண்டும்.

ஐவி


குன்னூர்
11 நவம்பர் 2024

அன்புள்ள ஐவிக்கு,

வலது கைப் பெருவிரல். ஊசி போட்டுவிட்டேன். நீ எழுதியபடியே கடிதத்தைப் பாதியில் மடித்து வைத்துவிட்டுப் போனேன். திரும்பி வந்து மீதியைப் படித்தபோது, ஆஸ்பத்திரியிலேயே இருந்திருக்கலாம் என்று தோன்றியது.

பதில் எழுத இவ்வளவு நாள் ஆனதற்கு விரலைக் காரணம் சொல்ல மாட்டேன். என்ன எழுதினாலும் அது இன்னொரு அறிக்கை மாதிரியே வந்தது. அந்தப் பீன்ஸ் ருசியாக இருந்தது, ஐவி. நான் இரண்டு தடவை போட்டுக்கொண்டேன். அதைச் சொல்ல வேண்டும் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நன்றாக இருக்கும் சாமானைப் பற்றி எங்கள் ஸ்டோரில் யாரும் பேச மாட்டார்கள். முத்திரை குத்தி உள்ளே தள்ளிவிடுவார்கள். இது சமாதானம் இல்லை. எப்படி நடந்தது என்று யோசித்ததில் கிடைத்தது.

இங்கே நடந்ததைச் சொல்கிறேன். உனக்குச் சிரிப்பு வரலாம்.

வகுப்புக்கான கத்திகள் வந்து இறங்கின. சாமியார் முன்னிலையில் ஒவ்வொன்றாகத் தலைகீழாகப் பிடித்துப் பார்த்தேன். பாதிக்கு மேல் உறையை விட்டு விழுந்தன. என் கையைப் பார்த்துக்கொண்டேன். அத்தனையையும் ரிஜெக்ட் பெட்டியில் போட்டேன். நாச்சிமுத்துவுக்குக் கோபம் வந்துவிட்டது.

"ஏனுங்க லெஸ்லி சார், இந்த வெலைக்குக் கத்தி வெட்டுதா இல்லீங்களா? அதைச் சொல்லுங்க மொதல்ல."

"வெட்டுது."

"எதை வெட்டுது?"

கட்டுப் போட்டிருந்த விரலைக் காட்டினேன்.

"அப்பக் கத்தி பாஸுங்க. ஒறைய நீங்க தலைகீழாப் புடிச்சா அதென்னங்க பண்ணும்? உங்களைத் தலைகீழாப் புடிச்சா சட்டப்பையில இருக்கறது உளுகாதுங்களா?" என்றார். திருப்பி எடுத்துக்கொள்ள மாட்டேன் என்று சொல்லிவிட்டு வேனை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

சாமியார் சத்தம் போடவில்லை. "ஆடு செதுக்க ஆள் தயாரா இருக்காங்க. மரம் வந்தாச்சு. கத்தி மட்டும் உங்க பெட்டியில இருக்கு. என்ன செய்யலாம், நீங்களே சொல்லுங்க" என்றார்.

என்னிடம் அப்படி ஒருவரும் கேட்டதில்லை. ரிஜெக்ட் என்று எழுதியதோடு என் வேலை முடிந்துவிடும், அதன் பிறகு அந்தச் சாமான் என்ன ஆகிறது என்று நான் பார்த்ததே இல்லை. பெட்டியைத் தூக்கிக்கொண்டு வீட்டுக்கு வந்தேன். பிளாஸ்டிக்தானே, சூடு காட்டி இளக்கி, வாய்ப்பக்கம் அழுத்தினால் இறுகும் என்று யோசித்தேன். யோசனை சரி. செய்முறையில்தான் சிறு பிழை. முதல் உறையை நான் சூடான தோசைக்கல்லில் வைத்தேன்.

மற்ற எல்லாவற்றையும் கொதிநீரில் போட்டுத்தான் எடுத்தேன். இடுக்கியால் பிடித்து, துணி சுற்றி, அழுத்தி, ஆறும்வரை பிடித்துக்கொண்டே இருந்தேன். இப்போது ஒரு கத்திகூட விழுவதில்லை. வகுப்பு ஆரம்பித்துவிட்டது. நான் செதுக்கிய முதல் ஆட்டைப் பார்த்துச் சாமியார், "நாயும் இருக்கட்டும், இடையர் வச்சிருப்பாங்க" என்றார்.

அன்புடன்,
லெஸ்லி


ஊட்டி
15 நவம்பர் 2024

ஜெனிஸ் அப்பா,

என் தோசைக்கல்லிலா?

ஐவி


குன்னூர்
19 நவம்பர் 2024

அன்புள்ள ஐவிக்கு,

ஆமாம். உன் தோசைக்கல்லில்தான். நம் கல்யாணத்துக்கு வந்த அதே கல்.

நடுவில் உள்ளங்கை அளவுக்குப் பச்சையாக உருகிப் படிந்துவிட்டது. ஆறிய பிறகு கத்தியை வைத்துச் சுரண்டினேன். சாப்பிடக்கூட எழுந்திருக்கவில்லை. கத்தி முனை மழுங்கியது, தீட்டினேன், மறுபடி சுரண்டினேன். மலிவான கத்திதான், ஆனால் சட்டென்று கூர் ஏறிவிடுகிறது, இதை உன் அறிக்கையோடு சேர்த்துக்கொள். பச்சை முழுக்கப் போய்விட்டது. கூடவே நீ இத்தனை வருடம் எண்ணெய் காட்டிப் பழக்கிய கருப்பும் போய்விட்டது. கல் இப்போது அம்மணமாக வெளுத்து உட்கார்ந்திருக்கிறது. வெங்காயம் தேய்த்து, எண்ணெய் தடவி, தினமும் ஒரு தோசை ஊற்றுகிறேன். முதல் மூன்றும் ஒட்டிக்கொண்டு கந்தலாக வந்தன. நேற்றையது ஒரு பக்கம் மட்டும் கழன்றது. எல்லாவற்றையும் ஒரு வார்த்தை சொல்லாமல் சாப்பிட்டேன். சொல்லவும் ஆளில்லை.

சாமியாருக்குக் கத்தியைப் பற்றி எழுத்தில் கொடுத்துவிட்டேன். உனக்கும் தெரிய வேண்டும்: பென்சில், கயிறு, மூட்டை, கேரட், சில்வர் ஓக் எல்லாவற்றுக்கும் ஏற்றது, முட்டைக்கோஸுக்கு வேண்டாம், ஈரத்தோடு வைக்கக் கூடாது, முதுகுப்பக்கக் கூரை உப்புத்தாளால் தேய்த்துவிட்டால் விரல் வலிக்காது, உறையை முதலில் வெந்நீரில் இறுக்கிக்கொள்ள வேண்டும். "சோதித்தவர்கள்" என்று போட்டு உன் பெயரை முதலிலும் என் பெயரை இரண்டாவதாகவும் எழுதினேன். சாமியார் அதைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறார். பூசை முடிந்து போகிறவர்கள் நின்று படிக்கிறார்கள். "ஐவி அக்கா இப்ப ஊட்டியில கத்தி வேலையிலயா இருக்காங்க?" என்று ஒருவர் கேட்டார்.

ஜெனிஸுக்குக் கிறிஸ்துமஸுக்கு லீவு இல்லையாம். நீ எப்போது கிளம்புகிறாய் என்று எழுதினால், பஸ் ஸ்டாண்டுக்கு வந்து பெட்டியைத் தூக்கிக்கொள்வேன். விரல் ஆறிவிட்டது.

அன்புடன்,
லெஸ்லி


ஊட்டி
3 டிசம்பர் 2024

அன்புள்ள ஜெனிஸ் அப்பாவுக்கு,

தோசைக்கல்லைப் பற்றி இப்போது எதுவும் எழுதக் கூடாது என்று முடிவு செய்திருக்கிறேன். ஸ்ரீமதியிடம் மட்டும் சொன்னேன். அவள் அடுப்பைக் குறைத்து வைத்துவிட்டு உட்கார்ந்துவிட்டாள். "கத்தி அனுப்பினதைக்கூட மன்னிச்சரலாமுங்க மேடம்" என்றாள்.

உங்கள் அறிக்கையை அவளுக்குப் படித்துக் காட்டினேன். என் பெயர் முதலில் இருந்ததையும் காட்டினேன்.

கிறிஸ்துமஸுக்கு என்னால் வர முடியாது. எல்லாப் பிள்ளைகளும் ஊருக்குப் போகிறார்கள், கனிஷ்காவும் இன்னும் சிலரும் மட்டும் இங்கேயே இருக்கிறார்கள். கனிஷ்காவின் அம்மாவும் அப்பாவும் வெளிநாட்டில். விடுதியில் கிறிஸ்துமஸ் என்றால் என்ன கிடைக்கும் என்று நேற்றுக் கேட்டாள். அவளை விட்டுவிட்டு நான் பஸ் ஏற முடியாது.

நீங்கள் இங்கே வாருங்கள். விருந்தினர் அறை இருக்கிறது. சிஸ்டரிடம் அனுமதி கேட்டேன், கொடுத்துவிட்டார். ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறார்: கையில் கத்தி இருக்கக் கூடாது.

இன்னொரு விஷயம். அடுத்த வருடமும் இங்கே இருக்கும்படி கேட்கிறார்கள். நான் இன்னும் பதில் சொல்லவில்லை. அதைப் பற்றி இப்போது உங்கள் அபிப்பிராயம் வேண்டாம். சும்மா வாருங்கள்.

கம்பளிக் குல்லாய் கொண்டுவரவும். இங்கே விடியற்காலையில் புல்லெல்லாம் வெள்ளையாக உறைந்து கிடக்கிறது.

ஐவி


குன்னூர்
30 டிசம்பர் 2024

அன்புள்ள ஐவிக்கு,

பத்திரமாக வந்து சேர்ந்தேன். ஸ்ரீமதி கட்டிக்கொடுத்த புளிச்சோறு வேலி வியூ பஸ் நிறுத்தம் தாண்டுவதற்குள் தீர்ந்துவிட்டது.

வீட்டுக்கு வந்ததிலிருந்து அந்த நாடகம்தான் கண்ணில் நிற்கிறது. மற்ற பிள்ளைகள் எல்லாரும் ஊருக்குப் போய்விட்டதால் சூசையப்பர் வேடத்துக்கு ஆளில்லை என்று கனிஷ்கா வந்து என்னைக் கேட்டபோது, எனக்குப் பின்னால் யாராவது நிற்கிறார்களா என்று திரும்பிப் பார்த்தேன். ஜன்னல் திரையைப் போர்த்திவிட்டு, கையில் துடைப்பக் கம்பைக் கொடுத்து நிறுத்திவிட்டார்கள். "என்ன வசனம்மா?" என்று கேட்டேன். "சூசையப்பருக்கு வசனமே இல்லீங்க அங்கிள். பைபிள்லயே இல்ல" என்றாள். மாதா வேடத்தில் அவளே இருந்தாள். வானதூதர் வசனத்தை மறந்து, இடையருக்குக் கரியால் வரைந்த தாடி அழிந்து, நட்சத்திரம் அறுந்து தொங்கி, இத்தனையும் என் கண் முன்னால் நடந்தது. என் வாயில் எத்தனை வார்த்தை வந்து நின்றது என்று உனக்குத் தெரியாது. ஒன்றுகூட வெளியே விடவில்லை. கூட்டத்தில் நீ என்னைப் பார்த்துக்கொண்டிருந்தாய். நீ சிரித்தாயா, இல்லை இருமினாயா என்று இருட்டில் தெரியவில்லை. எதுவாக இருந்தாலும் நன்றாக இருந்தது.

இப்போது கேட்க வேண்டியதைக் கேட்கிறேன். கிளம்பும் அன்று சிஸ்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டார். விடுதி ஸ்டோரைப் பார்த்துக்கொண்ட நல்லசாமி ஜனவரியோடு விட்டுவிட்டு ஊருக்குப் போகிறாராம். சாமான் சோதிக்கத் தெரிந்த ஆள் வேண்டும், வர முடியுமா என்று கேட்டார். எனக்கு எவ்வளவு ஆசை என்று நீ ஊகித்துக்கொள்வாய். அங்கேயே ஆமாம் என்று சொல்லிவிட வாய் வரைக்கும் வந்தது. சொல்லவில்லை. "ஐவியிடம் கேட்டுச் சொல்கிறேன்" என்றேன்.

அது உன் இடம். நீ வேண்டாம் என்றால் சிஸ்டருக்கு எழுதிவிடுகிறேன். காரணம் சொல்ல வேண்டியதில்லை.

அன்புடன்,
லெஸ்லி


ஊட்டி
7 ஜனவரி 2025

அன்புள்ள ஜெனிஸ் அப்பாவுக்கு,

சிரித்தேன். இருமல் பாசாங்கு.

நீங்கள் சிஸ்டரிடம் ஆமாம் என்று சொல்லாமல் வந்ததைப் பற்றி ரொம்ப நேரம் யோசித்தேன். சிஸ்டரும் சொன்னார், "கேட்டுச் சொல்றேன்னார், மிஸஸ் லெஸ்லி, எனக்கே ஆச்சரியம்" என்று. அதனால் நானும் சுற்றி வளைக்காமல் சொல்கிறேன். வேலைக்கு வர வேண்டாம்.

கோபத்தில் சொல்லவில்லை. உங்களைப் பிடிக்காமல்தான் இங்கே வந்தேன் என்று முதலில் நானே நினைத்துக்கொண்டிருந்தேன். இப்போது இங்கே இருப்பதற்கு அது காரணம் இல்லை. காலையில் மணி அடித்துப் பிள்ளைகளை எழுப்புவது எனக்குப் பிடித்திருக்கிறது. ஒரு பிள்ளைக்கு ஜுரம் என்றால் என்னைத்தான் தேடுகிறார்கள். நான் இல்லாத ஒரு நாள் என்னென்ன தப்பு நடந்தது என்று ஸ்ரீமதி எனக்குக் கணக்கு ஒப்பிக்கிறாள். இந்த வயதில் எனக்கு என்று ஒரு இடம் கிடைத்திருக்கிறது. அதில் நீங்கள் வந்து அரிசியில் கல் பொறுக்கினால், நல்லதாகவே பொறுக்கினாலும், அது நம் வீடு ஆகிவிடும். அடுத்த வருடத்துக்கும் கையெழுத்துப் போட்டுவிட்டேன்.

ஆனால் போடுவதற்கு முன்னால் நானும் ஒரு நிபந்தனை வைத்தேன். சனி, ஞாயிறு விடுதியைப் பார்த்துக்கொள்ள இன்னொரு ஆள் போடச் சொன்னேன். ஜெபிஷா என்று ஒரு பெண் வந்திருக்கிறாள், பொறுப்பான பெண். கனிஷ்காவுக்கும் அவளைப் பிடித்துவிட்டது. இனி வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஐந்து மணி பஸ் பிடித்தால் இருட்டுவதற்குள் குன்னூர் வந்துவிடுவேன். திங்கள் காலை முதல் பஸ்ஸில் திரும்பினால் போதும்.

வருகிற வெள்ளிக்கிழமை வருகிறேன். வழியில் சாப்பிட்டுவிடுவேன், எனக்காக எதுவும் செய்ய வேண்டாம் என்று எழுதத்தான் இருந்தேன். வேண்டாம், நீங்களே செய்து வையுங்கள். என்ன செய்தாலும் சாப்பிடுகிறேன்.

நன்றாக இல்லையென்றால் சொல்வேன்.

அன்புடன்,
ஐவி